நாய் படுத்திருக்கும் ஒழுங்கை

மூன்று வாரங்களுக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல், மூன்றரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், எழுபத்திரண்டு வயதான ஓர் அம்மையாரை நான் தொலைத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில். பட்டப்பகலில். அதுவும், வழி தவறக்கூடாது என்று கையேடு ஒன்றைக் கையில் கொடுத்து!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. பேருந்துச் சீட்டைக்கூட இரண்டாக மடித்துக் கைக்கடிகாரப் பட்டிக்குள் செருகி, இறங்கும்வரை பத்திரமாக வைத்திருப்பவள். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரை எப்படித் தொலைத்தேன் என்பதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செயற்திட்டம் உண்டு. கொழும்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் ஆராய்ந்து, வெளிநாட்டவர் அதைத் தேடிவந்து நடந்து பார்க்கும்படியாக ஒரு கையேடு தயாரிக்க வேண்டும். எந்தக் குழுவுக்கு எந்தப் பகுதி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். கொள்ளுப்பிட்டி ஒரு குழுவுக்குப் போனது. காலிமுகத்திடல் இன்னொரு குழுவுக்கு. அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். டிலானி கடைசியாகக் கைவிட்டு எடுத்த சீட்டில் கொட்டாஞ்சேனை என்றிருந்தது.

டிலானி என் பள்ளித்தோழி. தெமட்டகொடைக்காரி. வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகக் கதைப்பாள். ஒருநாள் நூலக வாசலில் என்னை மறித்தாள்.

"நிரோ, எங்களுக்கு எழுத ஒரு ஆள் வேணும். நீ லிட்ரேச்சர்தானே?"

"லிட்ரேச்சர் படிச்சா லீஃப்லெட் எழுதலாம் எண்டு ஆர் சொன்னது?"

"நாங்க எழுதினா 'கண்கொள்ளாக் காட்சி' எண்டுதான்டி வரும். ஒரு பக்கத்தில நாலு தரம் வந்திருக்கு. நீயே எண்ணிப்பார்."

எண்ணிப் பார்த்தேன். ஐந்து தரம் வந்திருந்தது.

கண்கொள்ளாக் காட்சி! எந்த ஊருக்கும் பொருந்துகிற, ஆகவே எந்த ஊருக்கும் உரித்தில்லாத அந்தச் சொற்றொடரை என் கண்முன்னே ஒரு தாளில் அச்சேற விடுவதா? அந்த இடத்திலேயே சம்மதித்தேன். ஆணவம் என்பது எப்போதும் உரத்த குரலில்தான் வரவேண்டும் என்பதில்லை... நூலக வாசலில், மெல்லிய குரலில், "சரி, நான் எழுதித் தாறன்" என்றும் வரும்.

குழுவில் இன்னொருவன் ரமேஷ். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து மருதானையில் அறையெடுத்துப் படிப்பவன். வரைபடம் அவன் பொறுப்பு. அளவுநாடா இல்லாமலே அடி எண்ணித் தூரம் சொல்வான். நாங்கள் பேசிக்கொண்டு நடக்கும்போது அவன் மட்டும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வருவான். நடுவில் ஏதாவது கேட்டால் கோபம் வரும். "ஐயோ, இருநூத்தி முப்பதுல இருந்தேன்!" என்று திரும்பிப்போய் முதலிலிருந்து நடப்பான்.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். கொட்டாஞ்சேனைக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, யாருடையதோ கல்யாண வரவேற்புகள் மட்டுமே. மண்டப வாசலில் இறங்கி, சாப்பிட்டு, மண்டப வாசலிலேயே வாகனம் ஏறி வந்திருக்கிறேன். இரண்டு பேருந்துத் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்தை அவ்வளவுதான் அறிந்திருந்தேன். உங்களில் எத்தனை பேர் என்னைவிட மேல்?

செய்தியைக் கேட்டதும் அம்மா கேட்டார்: "கொட்டாஞ்சேனையில வெள்ளைக்காரன் பாக்க என்ன இருக்கு? இங்க வந்தாலாவது கடல் இருக்கு."

"அங்கயும் கடல் கிட்டத்தானம்மா."

"அது ஹாபர்" என்றார் அம்மா, கடலுக்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல.

அம்மாவுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். காலையில் போய், வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆகவே எங்கள் கள ஆய்வு முழுவதும் — நான்கு வார இறுதிகளும் — காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்தான் நடந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் நடைவழி சந்தைச் சந்தியில் தொடங்கி, ஒரு வீதியினூடாகப் போய், ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, ஒரு தேநீர்க் கடையில் முடியும். நாற்பது நிமிட நடை. அந்த ஒழுங்கைதான் எங்கள் பெருமை. அதன் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் புனிதரின் சொரூபம் வைத்த சின்னக் கெபி ஒன்று உண்டு. அருகில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பொதுக்குழாய். நீல நிறக் கதவு ஒன்று. கதவுக்கு முன்னால் சீமெந்துத் திட்டு. காலை வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்தபோது, எழுதுவதற்காகவே யாரோ ஒழுங்குபடுத்தி வைத்ததுபோல இருந்தது.

ஆனால் ஒழுங்கைக்குப் பெயர் என்ன? பலகை எதுவும் இல்லை. ஒருவர் பழைய பெயரைச் சொன்னார். இன்னொருவர், அந்தப் பெயரை மாற்றிப் பல காலமாகிவிட்டது, புதிய பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும் என்றார். சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எப்படித்தான் வழி சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாய் படுத்திருக்கிற லேன் எண்டு சொல்லுவம் மிஸ்."

மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்த பெண் அப்படிச் சொன்னார். சலவைக் கடைக்காரரும் அதையே சொன்னார். பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டிக்காரரும் அதையே. ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத மூன்று மூலங்கள்! ஆய்வு முறையியலின்படி இதைவிட என்ன வேண்டும்? போதாததற்கு நானே என் கண்ணால் பார்த்திருந்தேன். நான்கு வார இறுதிகளும் ஒழுங்கையின் வாயில், அதே இடத்தில், முன்கால்களில் தாடையை வைத்தபடி ஒரு மண்ணிற நாய். தபால் பெட்டிகூட அவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

டிலானி எழுதிவைத்திருந்த வாக்கியம் இது: "நாய் படுத்திருக்கும் இடத்தில் இடப்பக்கமாகத் திரும்பி ஒழுங்கைக்குள் செல்லவும்."

நான் 'இடப்பக்கமாக' என்ற சொல்லை வெட்டினேன்.

ஏன் என்கிறீர்களா? மிகை. நாய் இருக்கும் பக்கத்தில்தானே ஒழுங்கை இருக்கிறது? கண் முன்னால் நாய் கிடக்கும்போது இடம், வலம் எதற்கு? "நாய் படுத்திருக்கும் இடத்தில் ஒழுங்கைக்குள் திரும்புங்கள்." எவ்வளவு கச்சிதம்! ஆங்கிலப் பிரதியிலும் அந்த ஒரு சொல்லை நீக்கினேன். வாக்கியத்துக்கு ஒரு நடை வந்தது.

ரமேஷ் மட்டும் தலையைச் சொறிந்தான். "நாயி எந்திரிச்சுப் போயிட்டா என்னா செய்றது?"

"நாலு கிழமையா எழும்பேல்ல ரமேஷ்."

"அதுக்கில்ல... நான் வேணும்னா அடி கணக்குப் போடுறேன். சந்தியில இருந்து அறுநூத்திப் பத்து."

"வாறவங்க எல்லாரும் உன்னைப்போல எண்ணிக்கொண்டு நடப்பாங்களா?"

டிலானி சிரித்தாள். ரமேஷ் விட்டுக்கொடுத்தான்.

இன்னொரு விஷயம். கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் போட வேண்டும் என்றாள் டிலானி. யாருடையது? "நிரோட நம்பரப் போடுவம். எங்கள்ல ஒழுங்கா ஃபோன் எடுக்கிறது அவள்தான்." முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் என்னை அழைப்பதா? முடியாது என்றேன். தன்னுடைய இலக்கம் அடுத்த மாதம் மாறும் என்றாள் டிலானி. ரமேஷின் தொலைபேசித் திரை உடைந்திருந்தது. கடைசியில் இலக்கம் இல்லாமலே அச்சாயிற்று. அந்த வெற்றிடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

செயற்திட்டத்தின் இறுதிச் சோதனை எளிமையானது. உண்மையான ஒரு சுற்றுலாப் பயணி, கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் அந்த வழியை நடந்து முடிக்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் — நாங்கள் மேடம் என்போம் — தன் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளியை அழைத்துவந்தார். யோஹன்னா அம்மையார். நெதர்லாந்துக்காரர். மேடம் அங்கே படித்த காலத்தில் அவருடைய வீட்டில்தான் தங்கியிருந்தாராம். "என்ட ரெண்டாவது அம்மா" என்றுதான் எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

பருத்தித் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து, எலும்பான உயர்ந்த உருவம். முப்பது வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கையேட்டை வாங்கியதும் முதல் வேலையாகத் தன் கைப்பையை, தொலைபேசி உட்பட, மேடத்திடம் கொடுத்துவிட்டார்.

"கையேடு நல்லதென்றால் எனக்கு இது போதும். இது போதாதென்றால் கையேடு நல்லதல்ல" என்றார் ஆங்கிலத்தில், ஒரு பரீட்சை மண்டப மேற்பார்வையாளரின் புன்னகையோடு.

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. நான் எழுதியதை ஒருவர் அவ்வளவு நம்பியது அதுதான் முதல் தடவை.

மூன்றரை மணிக்குச் சந்தியிலிருந்து அவரை அனுப்பிவிட்டு, நாங்கள் வேறு வழியாகப் போய்த் தேநீர்க் கடையில் காத்திருந்தோம். நாற்பது நிமிடம். நான்கு பத்துக்கு வந்துவிடுவார்.

நான்கு பத்துக்கு டிலானி வாசலில் போய் நின்றாள். நான்கு இருபதுக்கு நானும் போய் நின்றேன். அந்த நேரத்து வெயில் எப்படிப்பட்டது என்பதை அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்தேன். வீதி வெள்ளையாக எரிந்தது. நான் அறிந்த கொட்டாஞ்சேனையில் வெயிலே இருந்ததில்லை...

மேடம் தன் தொலைபேசியை எடுத்து யோஹன்னா அம்மையாரின் இலக்கத்தை அழுத்தினார். மேசைமேல் இருந்த கைப்பைக்குள்ளிருந்து மணி ஒலித்தது.

மறந்துவிட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேடம் பையைத் திறந்து மணியை நிறுத்தினார். பிறகு அதே பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார். அவருடைய குரல் மாறிவிட்டது.

"இது அவங்கட ஹார்ட் மருந்து. நாலரைக்கு எடுக்கணும். ஒரு நாளும் பிந்திறதில்ல."

அப்போது நான்கு இருபத்தைந்து.

மேடம் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரை அட்டையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார். "நிரோஷினி, நீங்க எழுதின வழிதானே? நீங்களே போய்த் தேடுங்க. நான் இங்க நிக்கிறன், வந்தா தெரியணும்."

ரமேஷ் கடையிலிருந்து பின்னோக்கி வழியைப் பிடித்தான். டிலானியும் நானும் சந்திக்கு ஓடி, முன்னோக்கி வந்தோம். ஆம், ஓடினேன். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில்கூட நிகழ்ச்சி நிரல் எழுதும் வேலையைத்தான் கேட்டு வாங்கியவள், சேலைக் கடைகளுக்கும் பழ வண்டிகளுக்கும் நடுவே, கையில் மாத்திரை அட்டை நொறுநொறுக்க ஓடினேன்.

ஒழுங்கையின் வாய்க்கு வந்தோம்.

நாய் இல்லை.

அது படுக்கும் இடத்தில் வட்டமாக ஒரு சிறு பள்ளமும் நாலைந்து மண்ணிற உரோமங்களும்தான் இருந்தன. அந்த மண்ணில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. உள்ளே ஓடினோம். கெபி. குழாய். நீலக் கதவு. திட்டில் யாரும் இல்லை. கதவைத் தட்டினோம். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ரமேஷ் மூச்சிரைக்க வந்தான்.

"மூணு கடையில கேட்டுட்டேன். இந்தப் பக்கம் யாரும் வரவே இல்லையாம்."

ரமேஷின் முகத்தில், "நான் அப்பவே சொன்னேன்" என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. அவன் அப்படிச் சொல்லாததே எனக்கு வலித்தது.

மறுபடி வீதிக்கு வந்தோம். சற்றுத் தள்ளி முச்சக்கரவண்டி ஒன்றில் ஓட்டுநர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். டிலானி சிங்களத்தில் கேட்டாள்: "அய்யே, சுது நோனா கெனெக் தெக்காத?"

வெள்ளைக்கார அம்மாவா? அவர் எழும்பாமலே கையை நீட்டினார். "ஆ... அர பெத்தட்ட கியா."

அந்தப் பக்கம் போனார். ஆனால் அவருடைய விரல் காட்டிய பக்கம் எங்கள் ஒழுங்கை இல்லை. வீதியின் எதிர்ப்பக்கம்.

நாங்கள் மூவரும் திரும்பினோம்.

எதிர்ப்பக்கத்தில், குளிர்ந்த நல்ல நிழலில், இன்னோர் ஒழுங்கையின் வாயில், முன்கால்களில் தாடையை வைத்தபடி... அதே மண்ணிற நாய்.

ஓட்டுநருக்கு எங்கள் முகங்களைப் பார்க்க வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "ஏக உதே மெஹே நங்கி, ஹவச அரஹே" என்றார். காலையில் இந்தப் பக்கம், பின்னேரம் அந்தப் பக்கம். பிறகு எங்களுக்கு விளங்கவில்லையோ என்று தமிழிலும் சொன்னார்: "வெயில் வந்தா நாய் போறதுதானே மிஸ்!"

சூரியன் இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு கவிதைக்குள் மாறியிருந்தால் முதல் வாசிப்பிலேயே அடிக்கோடிட்டிருப்பேன்.

அந்த ஒழுங்கைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் புனிதரின் சொரூபத்தோடு ஒரு கெபி. அருகில் பொதுக்குழாய். இன்னும் சற்றுத் தூரத்தில் ஒரு கதவு... அதுவும் நீலம். கதவுக்கு முன்னால் சீமெந்துத் திட்டு! நான் எழுதியவை எல்லாம் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தன. பிழையான ஒழுங்கையில்.

திட்டின்மேல் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி மட்டும் தனியாக இருந்தது.

அதைக் கண்டு நின்றுவிட்டேன். டிலானி என்னைத் தாண்டிப்போய்க் கதவைத் தள்ளினாள். கத்தினாள்.

"நிரோ! இங்க இருக்கிறா! இருக்கிறா!"

சின்ன முன்னறை. தரை முழுவதும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கடதாசித் துண்டுகள். நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முக்கோணக் கொடிகள் வெட்டிக் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்கு நேரே, ஒரு சாய்கதிரையில், தொப்பி இல்லாமல், கழுத்தில் ஈரத் துவாயுடன், கையில் கத்தரிக்கோலுடன் யோஹன்னா அம்மையார்.

"ஆ, வந்துவிட்டீர்களா?" என்றார். "நாற்பது நிமிடத்தில் முடியும் என்று எழுதியிருப்பது போதாது. இந்தக் கொடிகளுக்கே ஒரு மணி நேரம் வேண்டும்."

அவருக்குத் தான் தொலைந்ததே தெரியாது!

மாத்திரையை நீட்டினேன். என் கைவியர்வையில் அட்டை நனைந்திருந்தது. நான்கு ஐம்பது. இருபது நிமிடம்தான் பிந்தியிருந்தது. அவர் விழுங்கியதை, தொண்டை அசைந்து அடங்கியதைக் கண்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன். கடதாசித் துண்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தானாக வழிந்தது. நான் பிறர் முன்னால் அழுகிறவள் இல்லை. அன்று முன்பின் தெரியாத நான்கு பெண்கள் முன்னால், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி...

வீட்டுக்கார அம்மா என்னை உற்றுப் பார்த்தார். ஜெசிந்தா அன்ரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் வேலை.

"நீ ஏன் மகள் அழுவுறாய்? தொலைஞ்சது அவ."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அவ்வளவு சுகமான ஒரு கேலியை நான் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியதும் அன்ரி பிடித்துக்கொண்டார். "சிரிக்கிற விஷயமில்ல இது. வந்தா. கெபிக்கு முன்னால நிண்டு கடதாசியப் பாத்தா, தலைய ஆட்டினா, சிரிச்சா. பிறகு பாத்தா சுவத்தப் புடிச்சுக்கொண்டு நிக்கிறா. முகம் தக்காளி மாதிரி. ஓடிப்போய்த் தாங்கிப் புடிச்சன். சப்பாத்தக் கழட்டி, ஃபேனப் போட்டு, தேசிக்காய்த் தண்ணியில உப்பும் சீனியும் போட்டுக் குடுத்தன். வயசான மனுசிய இந்த வெயிலுக்குள்ள தனிய அனுப்புவீங்களா? படிச்ச புள்ளைகள்தானே நீங்க?"

"சொறி அன்ரி" என்றாள் டிலானி.

"ஆருக்காவது கோல் எடுப்பம் எண்டு அந்தக் கடதாசியத் திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒரு நம்பர் இல்ல! கலியாணக் கார்டுலயே மூணு நம்பர் இருக்குமே!"

டிலானி என்னைப் பார்க்கவில்லை. ரமேஷ் கூரையைப் பார்த்தான்.

"நீங்க இவவோட எப்படிக் கதைச்சீங்க?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"ஏன், நான் ரெண்டு வருஷம் சைப்ரஸ்ல வேல செஞ்சன். வீட்டு இங்கிலீஷ் எல்லாம் வரும். சிட், ட்ரிங்க், நோ டோக்கிங், ஸ்லீப்." அவர் யோஹன்னா அம்மையாரின் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா கேக்க மாட்டா. அஞ்சு நிமிஷம் படுத்தா, எழும்பிக் கத்தரிக்கோலக் கேட்டா. நேரா வெட்டுறா, அதச் சொல்லணும்."

அடுத்த வாரம் அவர்கள் ஒழுங்கைக் கெபியின் திருவிழா. கொடிகள் அதற்காக.

யோஹன்னா அம்மையார் கையேட்டை என்னிடம் நீட்டினார். வாக்கியத்துக்கு வாக்கியம் பென்சிலால் சரி அடையாளம் போட்டிருந்தார். நாய், சரி. ஒழுங்கை, சரி. கெபி, சரி. குழாய், நீலக் கதவு, "களைத்தவர்கள் இங்கே உட்காரலாம்", எல்லாம் சரி. கடைசியாக, "ஒழுங்கையின் முடிவில் தேவாலயக் கோபுரம் தெரியும்" என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

"கோபுரம்தான் தெரியவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் இவர்கள் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்."

அந்தப் பென்சில் அடையாளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் இல்லாத ஓர் ஒழுங்கையை, வேறெந்த ஒழுங்கைக்கும் பொருந்தாத சொற்களில் எழுதிவிட்டதாக எண்ணியிருந்தேன். அது எதிர்ப்பக்கத்து ஒழுங்கைக்கே அச்சாகப் பொருந்தியிருக்கிறது! கெபியும் குழாயும் நீலக் கதவும் அங்கே எத்தனை ஒழுங்கைகளில் இருக்குமோ... டிலானியின் 'கண்கொள்ளாக் காட்சி'யைப் பார்த்துச் சிரித்தவள் நான். என்னுடையதும் அதுதான். கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொண்ட கண்கொள்ளாக் காட்சி.

இரண்டு ஒழுங்கைகளுக்கும் வித்தியாசம் என்று ஒன்றைச் சொல்வதானால், அது கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் நான்கு வாரமாக எந்தக் கதவையும் தட்டவில்லை. கூச்சம். அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'ஆய்வாளரின் விலகல்'.

டிலானி அழைத்துச் சொன்னதும் மேடம் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். உள்ளே வந்தவர் யோஹன்னா அம்மையாரின் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை விடாமல் அப்படியே நின்றார். அன்ரிதான் பிளேன்டீ கொண்டுவந்து கையில் திணித்தார். அதைக் குடித்து முடிக்கும்போது மேடம் தரையில் உட்கார்ந்து கொடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"கையேடு சரியில்ல" என்றார், என்னைப் பார்க்காமல். "இடம் சரி."

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் புறப்பட்டபோது நாய் இன்னும் அங்கேதான் படுத்திருந்தது. அன்ரி அதன் முன்னால் பாண் துண்டொன்றைப் போட்டார். "சூட்டி, இவங்களப் பாத்துக்கொள். அடுத்த தரம் ஒழுங்கா வழி காட்டு."

"அன்ரி, இது உங்கட நாயா?"

"பின்ன? சின்னதில இருந்து எங்கட லேன்தான்."

மறுநாள் காலை எதிரே, எங்கள் ஒழுங்கையில் விசாரித்தேன். இந்த முறை கதவைத் தட்டி. அங்கே அதன் பெயர் டைகர். சின்னதிலிருந்து அவர்களுடைய ஒழுங்கைதானாம். காலைச் சாப்பாடு டைகருக்கு, மாலைச் சாப்பாடு சூட்டிக்கு. கொழும்பில் இரண்டு நிரந்தர முகவரியோடு இவ்வளவு நிம்மதியாக வாழ்கிறவர் வேறு யாராவது இருக்கிறார்களா?

புதிய கையேட்டில் எங்கள் ஒழுங்கை மட்டுமில்லை, அன்ரியின் ஒழுங்கையும் இருக்கிறது. அனுமதி கேட்டுத்தான். "எழுதுங்க. ஆனா என்ட பேரப் போட வேணாம். வாறவங்கள உச்சி வெயிலுக்குள்ள அனுப்ப வேணாம். தண்ணிப் போத்தல் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். மூன்றையும் கடைப்பிடித்திருக்கிறோம். நாய் இப்போதும் முதற்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாக்கியம் நீண்டுவிட்டது: "காலையில் நாய் இடப்பக்கம் படுத்திருக்கும். பிற்பகலில் வலப்பக்கம். அது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் திரும்புங்கள். நிழல் அங்கேதான் இருக்கும்." ரமேஷின் அறுநூற்றுப் பத்து அடியும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. நடை கொஞ்சம் கெட்டுவிட்டது. பரவாயில்லை.

மேடம் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். "ம்" என்றார். அவரிடமிருந்து வந்தால் அது பெரிய விஷயம்.

யோஹன்னா அம்மையார் திருவிழாவுக்கும் போய், தான் வெட்டிய கொடிகளின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு, பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாராம்.

கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் இப்போது ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. என்னுடையது. இருபது பிரதிகளை வெள்ளவத்தையில் ஒரு தங்குவிடுதியில் வைத்தோம். முதல் அழைப்பு இந்த வாரம் வந்தது. தெரியாத இலக்கம். முன்பென்றால் எடுத்திருக்க மாட்டேன். எடுத்தேன்.

ஓர் இளைஞனின் ஆங்கிலம். மிகவும் பணிவான குரல்.

"மன்னிக்க வேண்டும், கையேட்டோடு நிற்கிறேன். நாய் இருக்கிறது. ஆனால் அது நடுவீதியில் படுத்திருக்கிறது. வாகனங்கள் அதைச் சுற்றிப் போகின்றன. நான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?"

எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வெள்ளவத்தைக் கடலுக்கு மேல் கன்னங்கரிய மேகம். எங்கும் வெயில் இல்லை. ஆகவே எங்கும் நிழலும் இல்லை.

மழை மூட்டத்தைப் பற்றி என் மூன்று மூலங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே!